பம்பை நிறுத்தட்டுமா?

பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் எழுந்ததும் மேவிஸ் செய்யும் முதல் காரியம், சமையலறைச் சன்னலைக் கொஞ்சம் திறந்து அந்த உறுமலுக்குக் காது கொடுப்பதுதான். சத்தம் கேட்டால் கெட்டிலைப் போடுவாள். கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில்தான் பதினோரு நாளும் ஓடியிருந்தன.

பதினோரு நாளைக்கு முன்னால் அவள் தம்பி நெவில் இதே சமையலறையில் பக்கவாதம் வந்து விழுந்தான். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் சிக்னல் கேபினில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தில் ஆள் மூழ்கும் ஆழத்தில் குளம் வெட்டி கோய் என்கிற ஜப்பானிய அலங்கார மீன் எட்டு வளர்த்தான். அவன் வேலை பார்த்த பாதையில் வரும் எட்டு ஸ்டேஷன்களின் பெயரை வரிசையாக அவற்றுக்கு வைத்திருந்தான். மார்ப்பிள், ஸ்ட்ரைன்ஸ், நியூமில்ஸ், சின்லி, ஈடேல், பாம்ஃபர்ட், ஹேதர்சேஜ், கிரிண்டிள்ஃபர்ட். இதில் ஈடேலுக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளை உடம்பும் நெற்றியில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டுமாக, ஒரு முழ நீளம் இருக்கும்.

"பொண்டாட்டி வேண்டாம்னு சொல்லிட்டு எட்டு மீனைக் கட்டிக்கிட்டான்" என்று மேவிஸ் ஊரெல்லாம் கேலி பேசியவள்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்ந்தவள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஸ்டாக்போர்ட்டில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தாள். வேறு யார் வருவார்கள்?

அந்த டிசம்பர் யாரும் கண்டிராத டிசம்பர். டார்பிஷயர் மேட்டில் பனி முழங்கால் அளவுக்குக் கொட்டி அப்படியே இறுகிவிட்டது. பகலிலும் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடவில்லை. குளத்தின் மேல் பனிக்கட்டி நாலு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. குளத்தின் அடியில் கிடந்த பம்பு தண்ணீரை மேலே மேட்டிலிருந்த வடிகட்டிப் பெட்டிக்குத் தள்ள, அங்கே அழுக்கு நீங்கிய தண்ணீர் கல்லடுக்கு வழியாகச் சின்ன அருவி போலத் திரும்பக் குளத்தில் விழும். அருவி விழுகிற இடத்தில் மட்டும் தட்டகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. கல்லின் இரண்டு பக்கமும் மெழுகு வழிந்தது போலப் பனிக்கட்டி நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தது.

இப்படியே விடலாமா? பம்பை நிறுத்த வேண்டுமா? நிறுத்தினால் குழாய் உறைந்து வெடித்துவிடுமா? நெவில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குள்தான் இப்போது யாராலும் போக முடியவில்லை.

புதன்கிழமை பஸ் ஓடியது. மேவிஸ் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெவில் தலையணையில் சாய்ந்து கிடந்தான். அவளைக் கண்டதும் இடது கையைத் தூக்கினான்.

"வியாழக்கிழமை!" என்றான்.

நோய்க்குப் பிறகு அவன் வாயில் மிஞ்சிய ஒரே வார்த்தை அது. பசித்தாலும் வலித்தாலும் நர்ஸுக்கு நன்றி சொன்னாலும் வியாழக்கிழமைதான். முதல் நாள் மேவிஸ் சிரித்துவிட்டாள். அப்புறம் கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

"இன்னிக்குப் புதன்டா. சரி, அது கெடக்கட்டும். நல்லாக் கேளு. குளம் உறையுது. மீனெல்லாம் அடியில இருக்கு, உசுரோடதான் இருக்கு. பம்பை நிறுத்தட்டுமா?"

அவன் கண் பெரிதாயிற்று. "வியாழக்கிழமை. வியாழக்கிழமை!"

"நிறுத்தணுமா? நிறுத்தக் கூடாதா? தலையை ஆட்டு."

அவன் தலையை மேலும் கீழுமாக ஆட்டினான். பிறகு முகம் சுளித்துப் பக்கவாட்டில் ஆட்டினான்.

"எதுடா சொல்ற?"

பேச்சுப் பயிற்சி தரும் பெண் முதல் வாரமே அவளிடம் எச்சரித்திருந்தாள்: "அவர் தலையாட்டுறதை நம்பிடாதீங்கம்மா. மனசுல ஆமான்னு இருக்கும், தலை இல்லைன்னு போகும். அவருக்கே தெரியாது." மேவிஸுக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. பஸ் திரும்ப நாற்பது நிமிடம்தான் இருந்தது.

கைப்பையிலிருந்து கடிதக் கவர் ஒன்றை எடுத்து, பென்சிலை அவன் இடது கையில் செருகினாள். "வரைஞ்சு காட்டு."

அவன் வரைந்தான். கோணல்மாணலாக ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு சதுரம். அதிலிருந்து நீண்ட கோடு. அப்புறம் அடியிலிருந்து மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. அம்புக்குறியின் மேலேயே திரும்பத் திரும்ப அழுத்திக் கோடு போட்டதில் காகிதம் கிழிந்தது.

"மேலயா? தண்ணி மேல போகணுமா? அதிகமாத் திறந்து விடணுமா?"

நெவில் பென்சிலை நழுவ விட்டு, கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்வை. களைப்பு. மேவிஸ் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஓடுற தண்ணி உறையாதுங்கறே. அதானே? எனக்குத் தோணாமப் போச்சே" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வீடு திரும்பியதும் கையுறையைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போனாள். வடிகட்டிப் பெட்டிக்குப் போகும் குழாயில் ஒரு திருகு இருந்தது. அதை முழுக்கத் திறந்துவிட்டாள். அருவி சலசலவென்று பெருகியது. கவரைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். தம்பி சொன்னபடி செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் டின் சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, அந்தப் பதினோரு நாளில் முதல் தடவையாக அசந்து தூங்கினாள்.

காலை எட்டு மணிக்குச் சன்னலைத் திறந்தபோது சத்தம் கேட்டது. ஆனால் அது உறுமல் இல்லை. உலர்ந்த தொண்டையில் இழுக்கும் இழுப்பு போல இருந்தது.

நெவிலின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அருவியின் இரண்டு பக்கமும் வழிந்து தடித்த பனிக்கட்டி ராத்திரியோடு ராத்திரியாகக் கூடி, நடுவில் சுவர் போல எழும்பி நின்றது. பெட்டியிலிருந்து வந்த தண்ணீர் குளத்துக்கு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பிப் புல்தரையில் ஓடியிருந்தது. தோட்டம் முழுக்கக் கண்ணாடி போட்டது போலப் பளபளத்தது. அடியில் கிடந்த பம்பு, ஓய்வில்லாமல், இழுக்க முடிந்த மட்டும் குளத்தை இறைத்து வெளியே கொட்டியிருந்தது. அவள்தான் முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள்.

குளத்தின் மேலிருந்த பனிக்கட்டி, தாங்கத் தண்ணீர் இல்லாமல் நடுவில் இடிந்து விழுந்திருந்தது. உள்ளே முழங்காலுக்குக்கூட வராத கறுப்புத் தண்ணீர். அதில் பனிக்கட்டிப் பாளங்களுக்கு இடையே வெள்ளையும் ஆரஞ்சுமாக, மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

ஸ்விட்சை அணைத்தாள். அந்த அமைதியைக் கேட்க அவளால் முடியவில்லை.

"ஏம்மா! இங்க பாரும்மா!" வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கத்தல் வந்தது. "உங்க தம்பி குளம் என் பின்வாசல்ல நிக்குது! கதவைத் திறந்து ஒரு கால் வெச்சேன், நேரா உக்காந்தேன்! இந்த வயசுல இடுப்பு ஒடைஞ்சா யாரு பாக்கறது?"

பக்கத்து வீட்டு ப்ளாட்ஸ். கல் குவாரியில் குழாய் வேலை பார்த்தவர். பம்பின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நகராட்சிக்கு மனுப்போட்டவர். அவரும் நெவிலும் பேசி ஆறு வருடம் ஆகிறது. வேலிக்கு மேலே அவருடைய சிவந்த முகம் எழும்பியது. இன்னும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தார். குளத்தையும் மேவிஸையும் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அவள் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். ஓரத்துப் படியில் வைத்த கால் வழுக்கி, இடுப்பு வரை பாளங்களுக்கு நடுவே போய் விழுந்தாள். குளிர் அவள் மூச்சைப் பிடுங்கியது. கத்தக்கூட வரவில்லை.

"அடப் பைத்தியக்காரி! வெளிய வாம்மா! உன்னையும் சேத்துப் புதைக்கணுமா?"

ப்ளாட்ஸ் எப்படி வேலியைத் தாண்டினார் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை. கராஜ் சுவரில் சாய்ந்திருந்த ஏணியைக் குளத்துக்குள் இறக்கி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் வரவில்லை. இரண்டு கையாலும் ஒரு மீனை அள்ளி மார்போடு அணைத்திருந்தாள். ஈடேல்.

"செத்துருச்சும்மா. விடு."

"இல்ல. பாருங்க. செவுளைப் பாருங்க."

இருவரும் பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் செவுள் ஒரே ஒரு தடவை திறந்து மூடியது.

"கடவுளே" என்றார் ப்ளாட்ஸ். "உள்ள கொண்டு போய்க் குளியல் தொட்டியில போடுவோமா? வெந்நி விட்டு?"

"வேண்டாம்! திடீர்னு சூடு பட்டாப் போயிரும்னு சொல்லுவான். குளிர்ல இருந்து குளிருக்குத்தான் மாத்தணும்." நெவில் தேநீர்க் கோப்பையோடு மணிக்கணக்கில் பேசியபோது அவள் டி.வி. பார்த்துக்கொண்டு பாதிக் காதில் கேட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று அப்போது அடித்துக்கொண்டாள்.

"பேரப்பிள்ளைங்க கோடையில குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி இருக்கு. காத்தடிக்கணும்."

"கொண்டு வாங்க. கராஜ்ல வெச்சுக்கலாம். ஓடுங்க!"

அவரை அப்படி ஏவியதற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை. ஊதி ஊதி அவர் முகம் நீலமாகிவிட்டது. தோட்டத்து ரப்பர் குழாய் கட்டையாக விறைத்துக் கிடந்ததால் சமையலறைக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் அதிலுள்ள குளோரின் மீனைக் கொன்றுவிடும் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம். அதை முறிக்கும் மருந்தை கராஜ் அலமாரியில் தேடினாள். பெயிண்ட் டப்பாக்களைத் தள்ளினாள். ஆணி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. நனைந்த உடம்பு வெடவெடவென்று ஆட, விரல் எதையும் பிடிக்கவில்லை.

"எங்கடா வெச்சித் தொலைச்ச? நெவில், எங்கடா வெச்ச?"

கடைசித் தட்டில் இருந்தது. பாதி உறைந்து கஞ்சி போல ஆகியிருந்த பாட்டிலை அக்குளில் வைத்து இளக்கினாள்.

ஈரப் படுக்கைவிரிப்பில் ஒவ்வொன்றாக ஏந்திக் கொண்டுவந்தார்கள். மார்ப்பிளும் ஹேதர்சேஜும் இடிந்த பாளத்தின் அடியில் நசுங்கிப் போயிருந்தன. நியூமில்ஸ் தொட்டியில் விட்ட கையோடு வயிற்றைக் காட்டி மிதந்தது. பத்து மணிக்கு ஸ்ட்ரைன்ஸ் போனது. மிச்சம் நாலு.

"போய்த் துணியை மாத்தும்மா. உதடு கறுத்துப் போச்சு. நான் பாத்துக்கறேன்."

"இதைப் புடிச்சுக்கணும். விட்டாச் சாயுது."

தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு, ஈடேலை இரண்டு உள்ளங்கையிலும் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். ப்ளாட்ஸ் தன் கோட்டைக் கழற்றி அவள் முதுகில் போட்டார். கூடையில் சுட்ட ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்தார். கை தண்ணீரில் இருந்ததால் அவரே கோப்பையை அவள் வாயில் வைத்தார். ஆறு வருடம் பேசாத வீட்டின் கராஜில் இப்படி உட்கார்ந்திருப்போம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"ஆறு வருஷமா இந்தச் சத்தம் நிக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "இப்படி நிக்கணும்னு இல்ல."

மேவிஸ் செவுளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடத்துக்கு இரண்டு. அப்புறம் ஒன்று. அப்புறம் வெகுநேரத்துக்கு ஒன்று. பிற்பகல் மூன்று மணிக்கு, வெளிச்சம் மங்கும்போது, அவள் எண்ணிக்கை அடுத்த எண்ணுக்கு வரவே இல்லை. விரல்களை எடுத்தாள். ஈடேல் மெல்லச் சாய்ந்தது.

சின்லி, பாம்ஃபர்ட், கிரிண்டிள்ஃபர்ட் மூன்றும் தொட்டியின் ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றன.

சமையலறையில் அவள் கை கன்றிப்போய் எரிந்துகொண்டிருந்தது. பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போன ப்ளாட்ஸ் கதவில் ஒட்டியிருந்த கவரைப் பார்த்து நின்றார்.

"இது யாரு போட்டது?"

"அவன்தான். நேத்து. தண்ணியை அதிகமாக்கச் சொன்னான். அப்படின்னு நெனச்சேன்."

ப்ளாட்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் குழாய்ப் படம் பார்த்த கண். அவர் பேசத் தயங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க."

"அம்பு குழாயிலேர்ந்து கெளம்பல. இந்தச் சதுரத்திலேர்ந்து கெளம்புது. சதுரம் பம்பு. அதை அடியிலேர்ந்து பாதி உசரத்துக்குத் தூக்கி வைக்கச் சொல்லியிருக்காரு." நிறுத்தினார். "அப்படித் தூக்கியிருந்தா, தண்ணி வெளிய போனாலும் பாதிக் குளம் மிஞ்சியிருக்கும்."

மேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரிகூட இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் கடைசித் தண்ணீர் இறங்கும் சத்தம் போல இருந்தது. பேச முடியாத ஒருத்தன், செத்த கையை விட்டுவிட்டு, பழகாத கையால், காகிதம் கிழியக் கிழியச் சொன்னான். அவளுக்கு பஸ் பிடிக்க அவசரம்.

"அவருகிட்ட இப்பச் சொல்லாத, கண்ணு" என்றார் ப்ளாட்ஸ். "தேறி வரட்டும். நானும் வாயைத் தொறக்க மாட்டேன்."

இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. சனிக்கிழமை ஓடியது. வழி நெடுக அவள் பொய்யை ஒத்திகை பார்த்தாள். எல்லாம் நல்லா இருக்குடா. எட்டும் அடியில தூங்குது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நெவில் அவள் உள்ளே நுழைந்ததுமே அவள் கையைப் பார்த்தான். வெடித்து, வீங்கி, சிவந்த கை. பிறகு முகத்தைப் பார்த்தான். பொய் அங்கேயே கலைந்தது.

"குளம் வத்திப்போச்சுடா. நீ பம்பைத் தூக்கச் சொன்னே. நான் தண்ணியைத் தொறந்து விட்டேன். எனக்குப் புரியல. புரியலைங்கறதை ஒத்துக்காம, புரிஞ்ச மாதிரி எழுந்து போயிட்டேன்."

அவன் இடது கையை உயர்த்தி ஒவ்வொரு விரலாக நீட்டினான். என்ன கேட்கிறான் என்று இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரயில் போகிற வரிசையில் சொன்னாள்.

"மார்ப்பிள், போயிருச்சு. ஸ்ட்ரைன்ஸ், போயிருச்சு. நியூமில்ஸும் போயிருச்சு. சின்லி இருக்கு." மூச்சு வாங்கினாள். "ஈடேல்... நான் கையிலதான் வெச்சிருந்தேன் நெவில். ஆறு மணி நேரம் வெச்சிருந்தேன்."

நெவில் மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டான். அது சுவரில் மோதி உருண்டது. நர்ஸ் ஓடிவந்தாள். மேவிஸ் மீதி மூன்று பெயரையும் சொல்லி முடித்தாள். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போர்வைக்குள் தோள் குலுங்கியது. அவள் பார்வை நேரம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தொட விடவில்லை.

அடுத்த நாளும் திரும்பவில்லை. அதற்கடுத்த நாளும். அவள் வந்து உட்கார்ந்து, பின்னல் ஊசியை எடுத்து வைத்து, பின்னாமலே எழுந்து போனாள். வீட்டில் ப்ளாட்ஸ் காலையும் மாலையும் வாளித் தண்ணீர் மாற்றினார். கராஜின் பழைய சன்னலுக்கு அட்டை அடித்தார்.

நாலாம் நாள் குளிர் இன்னும் இறங்கியது. கராஜ்த் தொட்டியின் ஓரத்திலும் பனித்தோல் கட்ட ஆரம்பித்தது. மறுபடி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கேட்டே ஆக வேண்டியிருந்தது. அன்று அவசரப்படவில்லை. முந்தின நாளே மூன்று அட்டையில் மூன்று படம் வரைந்து வைத்திருந்தாள். ஒன்றில் கராஜ். ஒன்றில் வீட்டுக்குள் மாடிப்படியின் அடியிலிருக்கும் குளிர்ந்த அறை. ஒன்றில் குளம். படம் குழந்தை வரைந்தது போல இருந்தது. மூன்றையும் அவன் போர்வையின் மேல் பரப்பினாள்.

"தலையாட்டாத. பேசவும் வேண்டாம். மூணு மீன் இருக்கு. எங்க வைக்கணும்? தொட்டுக் காட்டு. கடைசி பஸ் போனாலும் பரவால்ல, நான் இருக்கேன்."

வெகுநேரம் அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை மெல்லத் திரும்பியது. படங்களைப் பார்த்தான். இடது கை ஊர்ந்து வந்து படிக்கட்டு அறையின் மேல் விரலை வைத்தது.

அவள் அட்டைகளைக் கலைத்து, இடம் மாற்றிப் பரப்பினாள். விரல் மறுபடி அதே படத்தைத் தேடிப் போய் நின்றது.

"ஒரேயடியா மாத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமாவா?" அதற்கும் இரண்டு படம் வரைந்தாள், அங்கேயே, கைப்பையிலிருந்த இன்னொரு கவரின் பின்பக்கத்தில். அவன் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, அவள் வரைந்த வாளியைத் திருத்தினான். பாதித் தண்ணீர் பழையது, பாதி புதியது என்று கோடு போட்டுக் காட்டினான். அவள் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டினாள். அவன் விரலால் மெத்தையை ஒரு தட்டுத் தட்டினான்.

அன்று மாலை மேவிஸும் ப்ளாட்ஸும் தொட்டியைப் படிக்கட்டின் அடிக்கு இழுத்தார்கள். மூன்றும் பிழைத்தன. நெவில் மார்ச் மாதம் ஒரு கைத்தடியோடு வீடு வந்தான். ஏப்ரலில் வானம் வெளுத்த ஒரு காலையில், ப்ளாட்ஸ் பம்பைக் கயிற்றில் கட்டிக் குளத்துக்குள் இறக்கினார். நெவில் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். ப்ளாட்ஸ் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை இழுத்தார்.